நோட்டில் நான் எழுதாத பக்கம்

கண்ணு,

நீ அனுப்பிய ஆள் நேற்று மத்தியானம் வந்து அந்தப் பச்சை அட்டை நோட்டைக் கேட்டார். நான் கொடுக்கவில்லை. “அச்சாபீசுல காத்துக்கினு கீறாங்க டீச்சர், சனிக்கெழமக்குள்ள பொஸ்தகம் கையில இருக்கணும்னாரு உங்க புள்ள” என்று அவர் வாசற்படியிலேயே நின்று சொன்னார். வெயிலில் பொன்னேரி ஸ்டேஷனிலிருந்து நடந்து வந்தவர். மோர் கொடுத்து, நோட்டைத் தேட வேண்டும் என்று பொய் சொல்லி அனுப்பிவைத்தேன். நோட்டு எங்கே இருக்கிறது என்று எனக்கு நன்றாகத் தெரியும். அதைக் கொடுப்பதற்கு முன்னால் உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை கும்மிடிப்பூண்டியில் உன் ஆலை வாசலில் கூட்டம் என்றும், ஒப்பந்தக் கூலிகளை நிரந்தரமாக்கக் கேட்டு வேலைநிறுத்தத்துக்கு வாக்கெடுக்கப் போகிறீர்கள் என்றும், அதற்கு முன் பழைய பாய்லர்காரர் முனுசாமி மேடையேறிப் பேசுவார் என்றும் அந்த ஆள் சொன்னார். வேலையை நிறுத்துகிறவர்களுக்கு மறுபடி உள்ளே இடமில்லை என்று நிர்வாகம் பலகையில் எழுதிப் போட்டிருக்கிறதாமே. அப்படியானால் எனக்கு மூன்று நாள்தான் இருக்கிறது.

இந்தக் கடிதத்தை நீ மட்டும் படித்து மடித்து வைத்துக்கொள்ள வேண்டாம். சங்க அறையில் யார் கேட்டாலும் படிக்கக் கொடு. உன் அம்மாவைப் பற்றி அவர்கள் மனத்தில் நீ ஒரு படம் வரைந்து வைத்திருக்கிறாய். அதைத் திருத்த வேண்டியவள் நான்தான்.

நோட்டில் இருப்பது ஒரு சின்ன நாட்டின் சின்னக் கட்சியின் கதை என்பது உனக்குத் தெரியும். லக்சம்பர்க் என்ற அந்த நாட்டை, ஐரோப்பா வரைபடத்தில் என் சுண்டுவிரல் நகத்தால் மூடிக் காட்டி, “இப்போ நாடு எங்கே?” என்று மாணவிகளிடம் கேட்பேன். நம் செங்கல்பட்டு மாவட்டத்தில் பாதிகூட வராது. அங்கே இருந்த கம்யூனிஸ்ட் கட்சியின் வரலாற்றை ஆங்கிலத்தில் ஒரு சிறு நூலாகப் போட்டிருந்தார்கள். சென்னையில் ஒரு தோழர் அதை என்னிடம் கொடுத்து, “ரஷ்யா, சீனான்னு பேசினா நம்ம ஆளுங்க அண்ணாந்து பாக்கறாங்க. இது நம்ம சைசுல கீது. தமிழ்ல போட்டுக் குடுங்க” என்றார். நான் அரசுப் பள்ளி ஆசிரியை. கட்சியில் சேரக் கூடாது, சேரவும் இல்லை. மொழிபெயர்ப்பதில் குற்றமில்லை என்று எனக்கு நானே அனுமதி கொடுத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில், ஸ்டேஷனுக்குப் பின்னால் இருந்த நெல் கிடங்கில், பதினைந்து இருபது பேர் மூட்டைகள்மேல் உட்கார்ந்து கேட்பார்கள். கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஆலைகள் முளைக்கத் தொடங்கியிருந்த காலம். நேற்றுவரை ஏர் பிடித்தவர்கள் இன்று இரும்புப் பட்டறையில் நின்றார்கள். நான் வாரத்துக்கு நான்கு பக்கம் எழுதிக்கொண்டு போய் வாசிப்பேன். இரும்புச் சுரங்கத்திலும் எஃகு ஆலையிலும் வேலை செய்தவர்கள் முதல் உலகப் போருக்குப் பிறகு அந்தக் கட்சியைத் தொடங்கியது, முதன்முதலாக நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒருவரை உள்ளே உட்கார விடாமல் வெளியேற்றியது, பிறகு அரசாங்கம் கட்சியையே தடைசெய்யச் சட்டம் எழுதி, எதற்கும் மக்களை ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று வாக்கெடுத்தது, மக்கள் மயிரிழையில் அந்தச் சட்டம் வேண்டாம் என்று சொல்லிவிட்டது, எல்லாம் அதில் இருந்தது. இதைக் கேட்டபோது கிடங்கில் ஒருவர், “கட்சிக்கு ஓட்டு போடாதவங்கூட அத்த மூடறதுக்கு ஓட்டு போடல பாரு. அவன்தான் ஆளு” என்றார். புத்தகத்தைவிட அவர் நன்றாகச் சொன்னார் என்று எனக்குப் பட்டது.

அடுத்து வந்ததுதான் சங்கு. ஜெர்மானியப் படை அந்த நாட்டைப் பிடித்துக்கொண்டு, அந்த ஊர் இளைஞர்களெல்லாம் தன் படையில் சேர்ந்து சண்டைபோட வேண்டும் என்று உத்தரவு போட்டது. அப்போது தெற்கே ஓர் எஃகு ஆலையில் ஒரு தொழிலாளி சங்கை ஊதினார். ஆலை நின்றது. அந்த நாட்களில் ஊர் ஊராக வேலை நின்றது. தபால் நின்றது, பள்ளிக்கூடம் நின்றது. கட்சி தலைமறைவாக இருந்து தாள் அச்சிட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தது. எல்லாம் கட்சி செய்ததாகவே புத்தகம் எழுதியிருந்தது. கட்சிக்குச் சம்பந்தமில்லாதவர்களும் சேர்ந்துதான் செய்திருப்பார்கள் என்பது என் எண்ணம். அதையும் நான் கிடங்கில் சொல்லவில்லை.

வாசித்து முடித்தேன். ஒருவர், “நம்ம மில்லு சங்கு சோத்துக்கு மட்டுந்தான்பா ஊதும்” என்றார். எல்லோரும் சிரித்து முனுசாமி பக்கம் திரும்பினார்கள். அவர் பாய்லர்காரர். அவருடைய ஆலையில் ஷிப்டுக்கு ஷிப்டு சங்கு ஊதுவது அவர்தான். “டேய் முனுசாமி, நாடே உன் கையிலதான்டா கீது. கொஞ்சம் பாத்து ஊது” என்று அவரைச் சீண்டினார்கள். அவர் சிரிக்கவில்லை. நோட்டை வாங்கி, எழுத்துக் கூட்டி, அந்தப் பக்கத்தை மறுபடி தனக்குள் படித்தார்.

அந்தப் பக்கத்துக்கு அடுத்த பக்கத்தை நான் எழுதவில்லை, கண்ணு. புத்தகத்தில் அது இருந்தது. வேலைநிறுத்தம் சில நாளில் அடக்கப்பட்டது. இருபது பேரைச் சுட்டுக் கொன்றார்கள். சங்கு ஊதியவர் பிறப்பால் ஜெர்மானியர். சொந்த இனத்துக்கே துரோகி என்று அவர் தலையை வெட்டினார்கள். சாப்பாட்டு மேசைமேல் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு நான் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தது நினைவிருக்கிறது. யாரும் அதை விட்டுவிடச் சொல்லவில்லை. சென்னைத் தோழர் முழுவதும்தான் கேட்டார். பள்ளிக்கூடத்தில் நான் எப்போதும் செய்வதைத்தான் செய்தேன். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் போர்களைச் சொல்லும்போது தலைகள் விழுவதைத் தாண்டி, ராஜா கோயில் கட்டியதற்குப் போய்விடுவேன். பிள்ளைகள் பயப்படக் கூடாது, பாடம் மனத்தில் நிற்க வேண்டும். கிடங்கில் உட்கார்ந்தவர்கள் என்னைவிட வயதானவர்கள், பிள்ளை பெற்றவர்கள், நெருப்புக்கு முன்னால் நிற்பவர்கள். அவர்களையும் ஆறாம் வகுப்பில் உட்கார வைத்தேன். கடைசிப் பக்கத்தையும் அப்படித்தான் விட்டேன். ரஷ்ய டாங்கிகள் செக் நாட்டின் பிராக் நகருக்குள் நுழைந்தபோது அந்தச் சின்னக் கட்சி அது சரிதான் என்றது. ஒரு காலத்தில் தன் நாட்டுக்குள் நுழைந்த படையை எதிர்த்த கட்சி. “இது இவர்களைக் குழப்பும்” என்று அங்கேயும் மூடிவிட்டேன். போர் முடிந்து ஆட்சியில் கட்சிக்கு ஓர் அமைச்சர் கிடைத்ததோடு நம் நோட்டு மங்களமாக முடிகிறது. நீ அச்சடிக்கக் கேட்பது அந்த நோட்டைத்தான்.

இந்தப் பழக்கம் எனக்குப் புத்தகத்தில் வந்ததில்லை. உன்னிடம்தான் முதலில் பழகினேன். உனக்கு எட்டு வயது. ஆடி மாதம். உன் அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தார். அவர் பிழைக்க மாட்டார் என்று டாக்டர் சொன்ன அன்று, உன்னை அத்தையோடு பெரியபாளையத்துக்கு அனுப்பினேன். அம்மனுக்கு வேண்டிக்கொண்டு வா, அப்பா வந்துவிடுவார் என்றேன். நீ வேப்பிலை கட்டிக்கொண்டு, கூட்டத்தோடு கோயிலைச் சுற்றி வந்து, பிரசாதப் பொட்டலத்தை அப்பாவுக்கென்று பிரிக்காமல் வைத்திருந்தாய். நாலாம் நாள் திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. நீ வைக்க வேண்டிய கொள்ளியை உன் சித்தப்பா வைத்தார். பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு நீ ஒன்றே ஒன்று கேட்டாய்: “நான் அழுவேன்னு என்னிய அனுப்பிட்டியா?” ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். “இல்லடா, உனக்கு லீவு கெடச்சிதேன்னு” என்றேன். அதற்குப் பிறகு நீ அதைப் பற்றி என்னிடம் பேசியதே இல்லை. எட்டு வயதில் நீ தாங்கியிருப்பாயா என்று எனக்கு இன்றும் தெரியாது. ஆனால் அதைத் தெரிந்துகொள்ள நான் வழியே விடவில்லை.

இப்போது அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். ஆலை வாசலில் நீ அடிக்கடி சொல்லும் கதை அது என்று கேள்விப்பட்டேன். எமர்ஜென்சி நேரம். மாநில ஆட்சியைக் கலைத்துச் சில வாரம் ஆகியிருந்தது. வேலைநிறுத்தம் என்ற சொல்லை வாய்விட்டுச் சொல்லவே ஆட்கள் பயந்தார்கள். முனுசாமியின் ஆலையில் உருளைக்குள் ஒருவன் கை சிக்கிப்போனது. அவன் கவனக்குறைவு என்று எழுதி, கட்டு அவிழ்ப்பதற்குள் வேலையை விட்டு எடுத்தார்கள். முனுசாமி சாயங்காலம் நம் வீட்டுக்கு வந்தார். நீ காக்களூர்ப் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்த புதிது. வாரக் கடைசி என்று வந்திருந்தாய். ஜன்னலோரம் உட்கார்ந்து சட்டைக்குப் பித்தான் தைத்துக்கொண்டிருந்தாய். அவர் என்னிடம் ஆசி வாங்கிக்கொண்டு போனார் என்று நீ சொல்கிறாயாம். அவர் ஆசி கேட்கவில்லை. ஒரு கேள்வி கேட்டார்.

“டீச்சர், அந்த ஊர்ல சங்கு ஊதினாரே, அவரு பின்னாடி இன்னா ஆனாரு?” என்றார். “நோட்டுல அத்தோட நின்னு போச்சி. ரெண்டு வாட்டி படிச்சிப் பாத்துட்டேன்.”

புத்தகம் உள்ளறைப் பெட்டியில் இருந்தது. ஆறடி தூரம். எழுந்து போய் எடுத்து வந்து, இந்தா, இந்தப் பக்கம் என்று படித்துக் காட்ட ஐந்து நிமிடம் ஆகியிருக்காது. “புத்தகத்துல அவ்ளோதான் இருக்கு முனுசாமி” என்றேன். அவர் பயந்துவிடக் கூடாது என்று அப்படிச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அது பழைய பழக்கம் என்று வைத்துக்கொள்ளலாம். ஆறு வருடமாக ஒரு பக்கத்தை மறைத்தேன் என்று அவர் முன்னால் ஒத்துக்கொள்ள எனக்குக் கூச்சமாக இருந்தது. டீச்சர் என்ற பேர் போய்விடும். அதற்காகத்தான். அவர் தலையை ஆட்டிக்கொண்டு, “நல்லாத்தான் இருந்திருப்பாரு, இல்லாட்டி எழுதியிருப்பாங்க” என்றார். நீ நூலைப் பல்லால் கடித்து அறுத்துக்கொண்டு அவரைப் பார்த்துச் சிரித்தாய்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, சாப்பாட்டு நேரமில்லாத நேரத்தில், சங்கு ஊதியது. ஆலை நின்றது. பக்கத்து ஆலை ஆட்கள்கூட வாசலுக்கு வந்து பார்த்தார்களாம். மூன்றாம் நாள் எல்லோரும் மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டு உள்ளே போனார்கள். கை போனவனுக்கு எதுவும் கிடைக்கவில்லை. முனுசாமியைத் திங்கட்கிழமை மத்தியானமே கொண்டுபோய்விட்டார்கள். ஒரு வருடத்துக்கு மேல் கழித்து அவர் திரும்பியபோது வலது காது சுத்தமாகக் கேட்கவில்லை. இடது கையில் இரண்டு விரல் மடங்காது. யார் சொல்லிக் கொடுத்தது, யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டே அடித்தார்களாம். என் பெயர் அவர் வாயிலிருந்து வரவில்லை. வராததால்தான் நான் பணி ஓய்வுவரை போய், மாலை போட்டுக்கொண்டு, படம் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அவர் திரும்பியபின் இந்த இரண்டு வருடத்தில் அவரை எட்டுப் பத்து முறை பார்த்திருக்கிறேன். பொங்கலுக்குத் துணி எடுத்துக் கொடுத்தேன். இதை மட்டும் சொல்லவில்லை.

இவ்வளவும் நேற்று எழுதியது. இன்று வெள்ளிக்கிழமை. காலையில் எழுந்ததும், இதை உனக்கு முதலில் சொல்வதே தப்பு என்று பட்டது. புத்தகத்தை எடுத்துக்கொண்டு முதல் ரயிலில் கவரைப்பேட்டைக்குப் போனேன். முனுசாமி வீட்டு வாசலில் கட்டிலில் உட்கார்ந்து பீடி சுற்றிக்கொண்டிருந்தார். அவர் மனைவி கன்னியம்மா, “வாங்க டீச்சர், நாஷ்டா ஆச்சா? ஞாயித்துக்கெழம கூட்டத்துக்கு இவருக்குச் சட்டைய வெளுத்து வச்சிக்கீறேன்” என்று வரவேற்றாள். நான் உட்காராமலே சொல்லத் தொடங்கினேன். மெதுவாகத்தான் சொன்னேன். “எந்தக் காதுன்னு பாத்து பேசுங்க டீச்சர், அது செத்த காது. இப்டி வந்து சத்தமா சொல்லுங்க” என்றார் அவர். ஆகவே நான் சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது. அடி பம்பில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். நாற்பது பேர் வகுப்பில் முப்பது வருடம் கத்தியவள், அந்தத் தெருவில் ஒரு வாக்கியத்தை முடிக்க மூன்று முறை மூச்சு வாங்கினேன்.

முதலில் பேசியது கன்னியம்மாதான். “தலைய வெட்டிட்டாங்கன்னு உனக்குத் தெரியும். தெரிஞ்சிக்கினே அன்னிக்கு இவரு கேட்டப்ப இல்லன்னுட்ட. என்கிட்டயாவது சொல்லியிருந்தா கால கட்டிக்கினு உளுந்து நிறுத்தியிருப்பேனே” என்றாள். அதுவரை நீங்க என்றவள். அவள் உள்ளே போனாள். நான் கிளம்பும்வரை வெளியே வரவில்லை.

முனுசாமி பீடித் தட்டைக் கீழே வைத்தார். பிறகு, “ஆறு வருசம் கிளாசு எடுத்தீங்க. எங்கள பாசே பண்ண உடலியே டீச்சர்” என்றார். சிரிப்பதுபோலத்தான் இருந்தது, ஆனால் சிரிக்கவில்லை. நான், “தெரிஞ்சிருந்தா ஊதியிருக்க மாட்டீங்க இல்ல?” என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. ஆறுதலுக்குக் கேட்டேனோ, அடி வாங்கக் கேட்டேனோ தெரியவில்லை.

“அது எனக்கே தெரில” என்றார். “ஊதியிருந்தாலும் ஊதியிருப்பேன். வேணான்னு இவ மூஞ்சப் பாத்துக்கினு குந்தியிருந்தாலும் குந்தியிருப்பேன். ஒரு ராத்திரி பொரண்டு பொரண்டு யோசிச்சிருப்பேன். அந்த ராத்திரி என்னுது டீச்சர். அத்த நீங்க எடுத்துக்கினீங்க.”

அதற்குப் பிறகு அந்தப் பக்கத்தைப் படிக்கச் சொன்னார். நான் ஆங்கிலத்தைப் பார்த்து வரி வரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டு போனேன். அவர் இடது காதை என் பக்கம் திருப்பி, கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். “அவரு பொண்டாட்டி புள்ளைங்க பத்தி இன்னா போட்டுக்கீது?” என்றார். ஒன்றும் போடவில்லை என்றேன். பெட்டியில் ஏதாவது மிச்சம் வைத்திருக்கிறேனா என்று பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார். புத்தகத்தை அவர் கையில் கொடுத்தேன். ஆங்கிலம் தெரியாவிட்டாலும் அந்தப் பக்கத்தின் கடைசிவரை விரலை வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். கடைசியாக, “ஞாயித்துக்கெழம நான் பேசல. பேசினா உங்க புள்ள சொல்றாப்ல வீரன்னு ஆயிடும். எனக்கு வாணாம். நீங்க வந்து இத்தப் படிங்க. நான் முன்னால குந்திக்கினு கேக்கறேன்” என்றார். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஆகவே நோட்டு அச்சுக்கு வராது. விட்டுப்போன இரண்டு இடத்தையும் சேர்த்து எழுதி முடிக்க ஒரு வாரம் வேண்டும். அதுவரை அச்சாபீசுக்காரரைப் பொறுத்துக்கொள்ளச் சொல். உன் பேச்சில் அந்தச் சனிக்கிழமைக் கதை இருந்தால் அடித்துவிடு. ஞாயிறு காலை ஏழு மணி வண்டியில் நான் கும்மிடிப்பூண்டிக்கு வருகிறேன். வேலை நிறுத்துவது தப்பு என்று சொல்ல வரவில்லை. உங்கள் கோரிக்கை நியாயமானது, நீ கேட்கத்தான் வேண்டும். ஆனால் உன் முன்னால் நிற்கப் போகிறவர்கள் ஒவ்வொருவருக்கும் வீட்டில் ஒரு கன்னியம்மா இருக்கிறாள். சங்கு ஊதியவருக்கு என்ன ஆயிற்று என்பதும், முனுசாமிக்கு என்ன ஆயிற்று என்பதும், அந்த மூன்று நாளில் எதுவும் கிடைக்கவில்லை என்பதும் அவர்களுக்குத் தெரிய வேண்டும். தெரிந்தபின் உயரும் கைகள் குறைவாக இருக்கலாம். உனக்கு வருத்தமாக இருக்கும், என்மேல் கோபமும் வரும். அந்தக் கைகளை எண்ணிக்கொண்டு உன் முடிவை எடு.

உன் ஆட்கள், “சேதி கெட்டதுபா, ஓட்டு எடுத்துட்டு அப்பறமா படிக்கச் சொல்லலாம்” என்பார்கள். முப்பது வருடம் நானும் அப்படித்தான் சொன்னேன். நான் படித்து முடித்து, கேட்கிறவர்கள் கேள்வி கேட்டு முடிக்கும்வரை யாரையும் கை தூக்கச் சொல்லாதே.

அம்மா